குதிரை வந்தது, லாடம் வந்ததா?

மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவி

"வரலாறு படிக்கிற பெண்ணுக்கு டாங்கியைப் பற்றி என்ன கவலை?"

இந்தக் கட்டுரையின் பொருளைச் சொன்ன அன்றே என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்ட கேள்வி இது. ஆண்டு மலர் என்றால் பெண் கல்வி, மரம் வளர்ப்பு, தாய்மொழிப் பற்று என்று எழுதுவது வழக்கம். அவையெல்லாம் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் நம் மாநிலத்தில், ஆவடியில், அறுபது ஆண்டுகளாக டாங்கிகள் செய்யப்படுகின்றன. அவற்றைப் பற்றி நாம் அறிந்தது குடியரசு தின அணிவகுப்பில் பார்த்ததோடு சரி. அணிவகுப்பில் ஓடுகிற டாங்கியைப் பார்த்துக் கை தட்டுகிறோம். பழுதாகி நிற்கிற டாங்கியை யாரும் நமக்குக் காட்டுவதில்லை. அந்த நிற்கிற டாங்கியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டின் வலிமையை அதனிடம் எத்தனை பெரிய இயந்திரங்கள் இருக்கின்றன என்று எண்ணி அளக்கக் கூடாது. அவை பழுதானால் பிறர் வாசலில் நிற்காமல் தானே செப்பனிட்டுக்கொள்ளும் திறன் எவ்வளவு என்று பார்த்தே அளக்க வேண்டும். இதை எனக்குக் கற்பித்தது எந்தப் புத்தகமும் இல்லை. எங்கள் வயலில் நின்றுபோன ஓர் அறுவடை இயந்திரம்.

வயலில் நின்ற வண்டி

எங்கள் வயல் வெள்ளாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம், சம்பா நெல் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. ஆள் கிடைக்காத காலம். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த அறுவடை வண்டியை அப்பா பேசி அழைத்து வந்தார். சேற்றிலும் இறங்கக்கூடிய பெல்ட் வண்டி அது. டாங்கியைப் போலவே சக்கரத்துக்குப் பதிலாகச் சுழலும் பட்டையின் மேல் ஓடுவது. அரை ஏக்கர் அறுத்திருக்கும். படாரென்று ஒரு சத்தம். பட்டையைத் தாங்கும் உருளைகளில் ஒன்றின் பேரிங் சிதறி, உள்ளேயிருந்த புஷ் தேய்ந்து, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது.

வண்டிக்காரர் விற்பனை நிலையத்துக்குப் போன் செய்தார். "அந்த பார்ட் கையிருப்பில் இல்லை; வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், பத்து நாளாகும்" என்று பதில் வந்தது. "லேத் பட்டறையில் கொடுத்துப் பார்க்கலாமே" என்றார் அப்பா. "வேறு பார்ட் போட்டால் வாரண்டி போய்விடும்ண்ணே" என்று வண்டிக்காரர் தயங்கினார். தவணை கட்டி வாங்கிய வண்டி; அவர் தயக்கத்திலும் நியாயம் இருந்தது. வேறு வண்டியோ, ஊரெல்லாம் ஒரே சமயத்தில் அறுவடை என்பதால் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு மழை பிடித்தது. தை மாதத்தில் பெய்யக் கூடாத மழை. நான்காம் நாள் காலையில் வேறு வழியின்றி அந்த உருளையைக் கழற்றிக்கொண்டு திட்டக்குடிக்கு வந்தார்கள். நானும் அப்பாவோடு வந்தேன். லேத் பட்டறைக்காரர் பழைய புஷ்ஷைக் கையில் வாங்கி, விரலால் தடவிப் பார்த்து, அளவெடுத்து, மாலைக்குள் புதிதாக ஒன்று கடைந்து கொடுத்துவிட்டார். பேரிங் விருத்தாசலத்தில் கிடைத்தது. மறுநாள் வண்டி ஓடியது. அதற்குள் சாய்ந்த கதிரில் நெல் முளைவிட்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் எடுக்கும் ஈரப்பதம் 17 சதவீதம். எங்கள் நெல்லோ அதைக் கடந்து நின்றது. அந்த ஆண்டு என் அண்ணன் படிப்புக்கு என்று வைத்திருந்த கணக்கு தவறிப்போனது.

பட்டறைக்காரர் அன்று என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஏம்மா, வண்டி வாங்கறவங்க எல்லாம் எத்தனை குதிரைசக்தின்னு கேக்கறாங்க. ஒரு புஷ் தேஞ்சா அது எங்க கெடைக்கும்னு யாரும் கேக்கறதில்ல."

இயந்திரத்தின் விலை பல லட்சம்; அதை நிறுத்திய புஷ் ஓர் உள்ளங்கையில் அடங்கும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பாண்டியன் வாங்கிய குதிரைகள்

இந்தப் பாடம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் மார்க்கோ போலோ இங்கு வந்தார். தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் அரபு நாடுகளிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குதிரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியதை அவர் எழுதியிருக்கிறார். அந்நாளைய படைக்குக் குதிரைதான் டாங்கி. பாண்டியன் பொன்னைக் கொட்டி வாங்கினான். ஆனால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலான குதிரைகள் மாண்டுபோயின. ஏன்? குதிரையைப் பேணத் தெரிந்தவர்களும் அதற்கு வைத்தியம் பார்ப்பவர்களும் இங்கே இல்லை. குதிரை விற்ற வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை அழைத்து வரவில்லை. மற்றவர்கள் வருவதையும் தடுத்தார்கள் என்கிறார் போலோ. குதிரை பிழைத்துவிட்டால் மறு ஆண்டு யார் வாங்குவார்கள்?

பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் இன்னொரு செய்தி தருகிறார். வழியில் கடலில் இறந்த குதிரைகளுக்கும் பாண்டியன் கருவூலத்திலிருந்து விலை கொடுக்கப்பட்டதாம்!

எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் அறுவடை வண்டியின் நினைவு வந்தது. விற்பவனுக்குக் குதிரையில் ஒரு முறை லாபம். லாடத்திலும் மருந்திலும் காலமெல்லாம் லாபம். வாங்குகிறவன் லாடம் அடிக்கக் கற்றுக்கொள்ளாத வரையில் அவன் வாங்கியது குதிரையாகாது. அடுத்த குதிரைக்கான கடன் சீட்டுத்தான்.

டாங்கி தின்னும் தீனி

ஆனையைக் கட்டித் தீனி போட முடியுமா என்பார்கள். டாங்கியும் ஆனைதான். ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியின் எடை 58 டன்னுக்கு மேல். இயந்திரம் 1400 குதிரைசக்தி. பீரங்கிக் குழாயின் உள்வாய் 120 மில்லிமீட்டர். உள்ளே நான்கு பேர். இவ்வளவு பாரத்தையும் பாலைவன மணலில் சுமந்து ஓடுவது இரண்டு இரும்புப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் பல கண்ணிகளை ஊசியால் கோத்த சங்கிலி. கண்ணி தேயும், ஊசி தேயும், அதன்மேல் பதித்த ரப்பர் தேயும். தாங்கும் சக்கரங்களின் ரப்பர் விளிம்பு கழன்றுபோகும். தார்ப் பாலைவனத்தின் மாவு போன்ற தூசியை இயந்திரத்துக்குள் விடாமல் தடுக்கும் வடிகட்டிகளை ஓயாமல் துப்புரவு செய்ய வேண்டும், மாற்ற வேண்டும். பீரங்கிக் குழாய்க்கும் ஆயுள் உண்டு. இத்தனை குண்டு என்ற கணக்குக்கு மேல் சுட்டால் உட்புறம் தேய்ந்து குறி தவறும். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் நாளடைவில் விறைத்துப்போகும். ஆகவே உதிரி பாகத்தை ஒரு முறை வாங்கி அடுக்கிவிட்டால் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது.

ஒரு டாங்கி படையில் முப்பது, நாற்பது ஆண்டு இருக்கும். 1980-ஐ ஒட்டி வரத் தொடங்கிய ருஷ்ய டி-72 டாங்கிகள் இன்னும் நம் படையில் இருக்கின்றன. அத்தனை ஆண்டுகளும் தீனி போட்டாக வேண்டும். இதற்காகவே படையில் மின்னணு, இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவு என்று ஒன்று 1943 முதல் இயங்குகிறது. புனேயை அடுத்த கட்கியில் டாங்கி உதிரி பாகங்களுக்கென்றே மத்தியக் கிடங்கு உண்டு. டெல்லியில் டாங்கிகளை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும் ராணுவப் பட்டறை உண்டு. போர்முனையில் நிற்பவனுக்குக் கிடைக்கும் பதக்கம் இந்தக் கிடங்குக்காரனுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அவன் அலமாரி காலியாக இருந்தால் முன்னவன் டாங்கியில் ஏறி உட்கார்ந்து என்ன பயன்?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி 1943 ஜூலையில் குர்ஸ்க் போர்க்களத்தில் புத்தம் புதிய பாந்தர் டாங்கிகளை, ஏறத்தாழ 200, இறக்கியது. கவசத்திலும் பீரங்கியிலும் அது சிறந்த டாங்கி. ஆனால் சில நாட்களுக்குள் பெரும்பாலானவை ஓயந்துபோயின. எதிரியின் குண்டும் கண்ணிவெடியும் பாதிக் காரணம். சொந்த இயந்திரக் கோளாறு மீதிக் காரணம். அந்நாட்டு ஆட்சியாளர்களுக்குப் புதிய டாங்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதில் இருந்த ஆசை உதிரி பாகம் செய்வதில் இல்லை. எண்ணிக்கை ஏட்டில் நின்றது. டாங்கி வழியில் நின்றது.

ஆவடியின் கதை

ஆவடி என்றதும் வரலாற்று மாணவர்களுக்கு 1955 காங்கிரஸ் மாநாடு நினைவுக்கு வரும். சமதர்மப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அதே ஆவடியில் 1960-களின் தொடக்கத்தில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தப்படி 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. முதல் தொகுதி இங்கிலாந்திலேயே செய்யப்பட்டு வந்தது. பிறகு அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு படிப்படியாகப் பாகங்களையே இங்கே செய்தார்கள். 1980-களின் முற்பகுதி வரை 2,000-க்கு மேற்பட்ட விஜயந்தாக்கள் உருவாயின. 1971 போரில் அவை பங்கு கொண்டன.

டாங்கி செய்யத் தெரியாத நாட்டில் ஒரே தலைமுறையில் அதைக் கற்றுக்கொண்ட தொழிலாளர்களை நாம் பாராட்ட வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமம் பெற்றுச் செய்வது என்பது வரைபடத்தைப் பார்த்துக் கோலம் போடுவது. கோலம் அழகாக வரும். புள்ளி ஏன் அங்கே வைக்கப்பட்டது என்பது மட்டும் தெரியாது. எந்த உலோகத்தில் எதைக் கலந்தால் குழாய் வெடிக்காது, எந்தச் சூட்டில் காய்ச்சினால் பற்சக்கரம் உடையாது என்ற உட்பொருளை விற்பவன் எளிதில் தருவதில்லை.

டி-90 டாங்கியின் கதை இதற்குச் சான்று. 2001-இல் ருஷ்யாவோடு 310 டாங்கிகளுக்கு ஒப்பந்தமாயிற்று. ஆவடியிலும் செய்துகொள்ள உரிமம் கிடைத்தது. ஆவடியில் செய்த முதல் பத்து டி-90 டாங்கிகள் படையிடம் ஒப்படைக்கப்பட்டது 2009 ஆகஸ்டில்தான். இடையில் என்ன நடந்தது? சில நுட்பங்கள் கைக்கு வந்துசேரவில்லை. வந்த ஏடுகளோ ருஷ்ய மொழியில் இருந்தன. அவற்றை மொழிபெயர்ப்பதிலேயே ஆண்டுகள் கழிந்தன என்று அரசின் தணிக்கை எடுத்துக்காட்டியது. டாங்கி தாமதமானதற்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம்! கலைக் கல்லூரி மாணவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்குமாறு வேண்டுகிறேன்.

கதவடைத்த நாடுகள்

1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரன் அருகே அசல் உத்தர் என்ற ஊரில் பாகிஸ்தான் அமெரிக்க பாட்டன் டாங்கிகளோடு வந்தது. அன்றைய உலகில் பெயர் பெற்ற டாங்கி அது. எல்லா வகையும் சேர்த்து 90-க்கு மேற்பட்ட டாங்கிகளை அங்கே இழந்து திரும்பியது. அதே செப்டம்பரில் அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுத உதவியை நிறுத்தியது. நமக்கு அதனால் ஓரளவு தொல்லை. படை முழுவதையும் அமெரிக்க ஆயுதத்தால் நிரப்பியிருந்த பாகிஸ்தானுக்குப் பெருந்தொல்லை. தோற்ற டாங்கிகள் போக மிஞ்சியவற்றுக்கும் உதிரி பாகத்துக்கு வழி தேட வேண்டியதாயிற்று.

ஈரான் மன்னர் ஆட்சியில் அமெரிக்காவிடமும் பிரிட்டனிடமும் வாங்கிக் குவித்தது. 1979-இல் புரட்சி வந்தது, கதவு மூடியது. 1980-இல் ஈராக்கோடு போர் மூண்டபோது, கையிலிருந்த ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்குப் பூட்டிக் காலம் தள்ள வேண்டியிருந்தது.

பகை வந்தால்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். 1991-இல் சோவியத் ஒன்றியம் 15 நாடுகளாகப் பிரிந்தது. நம்மோடு அதற்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் ஒரே வீட்டில் இருந்த அடுப்பும் அம்மியும் தனித்தனி வீட்டுக்குப் போனதுபோல், ஒரே ஒப்பந்தத்தில் வந்த பாகங்கள் வெவ்வேறு நாடுகளுக்குப் போய்விட்டன. யாரிடம் கேட்பது, எந்தப் பணத்தில் கொடுப்பது என்று தெரியாமல் நம் படைகள் சில ஆண்டுகள் திண்டாடின. 2022-இல் ருஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் போர் மூண்டபோது அதே கவலை திரும்பி வந்தது. தனக்கே தேவையென்று இருப்பவன் நமக்கு எப்படிக் கொடுப்பான்? நட்பு பெரிதுதான். ஆனால் நண்பன் வீட்டிலும் தீப்பிடிக்கலாம் அல்லவா?

அர்ஜுனின் குறை எது?

நாமே வடிவமைத்த டாங்கி வேண்டும் என்று 1974-இல் அர்ஜுன் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தந்தது. ஆவடியில் உள்ள போர் ஊர்திகள் ஆய்வு மையம் அதை உருவாக்கியது. முதல் ஐந்து டாங்கிகள் படையிடம் சென்றது 2004-இல். முப்பது ஆண்டு! இந்தத் தாமதத்தைச் சொல்லி அர்ஜுனை எள்ளி நகையாடியவர் பலர். நானும் அந்தத் தாமதத்தை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் 2010-இல் ராஜஸ்தானில் டி-90 டாங்கியோடு வைத்துச் சோதித்தபோது அர்ஜுன் சோடை போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பின் குறை எங்கே? இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதன் வேகமாற்றுப் பெட்டியும் அங்கிருந்தே வந்தது. குறிபார்க்கும் கருவியின் முக்கியப் பகுதிகளும் வெளியிலிருந்து வந்தவை. 2015 வாக்கில் உதிரி பாகமின்றி அர்ஜுன் டாங்கிகளில் பெரும்பகுதி ஓடாமல் நிற்கின்றன என்று பத்திரிகைகள் எழுதின. நம் பெயர் சூட்டி, நாம் வடிவமைத்து, நம் மண்ணில் செய்த டாங்கி, அயல்நாட்டிலிருந்து வர வேண்டிய பாகத்துக்காகக் காத்து நின்றது.

இதற்குக் காரணம் கேட்டால் விஞ்ஞானிகளை நோக்கி விரல் நீட்டுவார்கள். நான் வேறொரு காரணம் சொல்லுகிறேன். அர்ஜுனுக்கு முதல் ஆணை 2000-இல் வந்தது, 124 டாங்கிகள். மேம்படுத்திய மார்க்-1ஏ வடிவத்துக்கான ஆணை 2021 செப்டம்பரில் கையெழுத்தானது. 118 டாங்கிகள், 7,523 கோடி ரூபாய். இரண்டுக்கும் இடையே இருபத்தோரு ஆண்டு. டி-90 டாங்கிகளோ ஆயிரத்துக்கு மேல். 124 டாங்கிக்கு வேண்டிய பாகத்தை நம்பி எந்தச் சிறு தொழிற்சாலை அச்சு செய்து, இயந்திரம் வாங்கிப் போட்டு, ஆள் வைத்துக் காத்திருக்கும்? முதல் ஆணைக்குக் கற்றுக்கொண்ட ஃபிட்டர் இரண்டாம் ஆணை வருமுன் ஓய்வு பெற்றுவிடுவார். அவர் கையில் இருந்த வித்தையும் அவரோடு போய்விடும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அர்ஜுனுக்குரிய இயந்திரம் பழைய மாதிரி என்பதால் ஜெர்மன் நிறுவனம் அதைச் செய்வதை நிறுத்தியிருந்தது. 2021 ஆணைக்கு இயந்திரம் கிடைப்பதில் தாமதம் ஏற்பட்டது என்று செய்திகள் வந்தன. அவர்களுக்கும் நூறு இயந்திரத்துக்காக ஆலையைத் திறப்பது கட்டாது. எண்ணிக்கை இல்லாத இடத்தில் உதிரி பாகம் இருக்காது. இது பொருளியல் வகுப்பில் சொல்லித் தரும் பாடம். பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "நாலு உருப்படிக்கு யாரும்மா டை செய்வாங்க?" என்றார்.

ஆக, சிறிது வாங்கிப் பார்ப்போம், பிறகு யோசிப்போம் என்று இருபது ஆண்டு யோசிப்பதுதான் அர்ஜுனை நிறுத்தியது என்பது என் கருத்து. படையினர் இதற்கு மறுமொழி சொல்லலாம். "குறையுள்ள டாங்கியைப் பெரிய எண்ணிக்கையில் வாங்கிக்கொண்டு எங்கள் பிள்ளைகளை எப்படி அனுப்புவது?" என்று அவர்கள் கேட்டால் அதை அலட்சியம் செய்ய முடியாது. உள்ளே உட்காருகிறவன் உயிர் அது. ஆனால் குறை கண்டு, திருத்தி, மீண்டும் ஆணை கொடுத்து, மீண்டும் திருத்துவதன் மூலமாகத்தான் எந்த நாடும் டாங்கி செய்யக் கற்றது. நீச்சல் தெரிந்த பிறகுதான் ஆற்றில் இறங்குவேன் என்பவன் கரையிலேயே இருப்பான்.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டுமா?

இங்கே ஒரு நேர்மையான ஐயம் எழும். ஒவ்வோர் ஆணியையும் நாமே செய்ய வேண்டுமென்றால் செலவு கட்டுமா? உலகில் எந்த நாடு அப்படி இருக்கிறது? உண்மைதான். ருஷ்யாவின் டி-90 டாங்கியின் குறிபார்வைக் கருவி பெலாரஸில் செய்யப்பட்டது. அதற்குள் இருந்த வெப்பப் படக் கருவி பிரான்ஸைச் சேர்ந்தது. பெரிய நாடுகளும் பிறரிடம் வாங்கித்தான் தீருகின்றன. எல்லாவற்றையும் நாமே என்பது மேடைக்கு ஏற்ற பேச்சு. பட்டறைக்கு ஏற்ற பேச்சாகாது.

நான் கேட்பது வேறு. எது இல்லாவிட்டால் வண்டி நிற்குமோ அதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். வாங்கும்போதே, எத்தனை ஆண்டுக்கு உதிரி பாகம் தருவாய், விற்பனையை நிறுத்தினால் வரைபடத்தைக் கொடுப்பாயா, எங்கள் ஊர்ப் பட்டறையில் செய்து பூட்டினால் மறுப்பாயா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். எங்கள் அப்பா இதைக் கேட்க முடியாது. அவர் வண்டி வாங்குகிறவர் இல்லை, வாடகைக்கு அழைக்கிறவர். ஒரு நாட்டின் அரசு கேட்க முடியும்.

நல்ல அறிகுறிகளும் இல்லாமல் இல்லை. 2024 மார்ச் 20-ஆம் நாள் மைசூரில் உள்ள பி.இ.எம்.எல். ஆலையில், நம் நாட்டிலேயே உருவான 1500 குதிரைசக்தி டாங்கி இயந்திரம் முதன்முதலாக இயக்கிப் பார்க்கப்பட்டது. அது சோதனையெல்லாம் கடந்து டாங்கிக்குள் ஏறி ஓட வேண்டும். அதற்குக் காலம் ஆகும். ஆயினும் இதயத்தை நாமே செய்யத் தொடங்கியிருக்கிறோம். 2020-இல் தொடங்கிய ஸ்ரிஜன் என்ற அரசு இணையதளத்தில், வெளிநாட்டிலிருந்து வாங்கப்படும் பாதுகாப்புத் துறைப் பாகங்கள் பட்டியலாகப் போடப்பட்டிருக்கின்றன, செய்யக்கூடியவர்கள் முன்வரலாம். 2019-இல் அறிமுகமான தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்கள் இருக்கின்றன. நமக்குத் திருச்சியும் சேலமும் எட்டாத தூரமில்லை.

திருவாரூர் ஆழித்தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்தது. 1970-இல் அது மீண்டும் ஓடியது. அதற்கு வழிசெய்ததில் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தின் பொறியாளர்களுக்கும் பங்குண்டு. கொதிகலன் செய்கிறவர்கள் தேருக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் பொருத்தினார்கள். நம் கையில் திறமை இல்லை என்று யார் சொன்னது?

கலைக் கல்லூரிக்கு இதில் என்ன வேலை?

தோழியின் கேள்விக்கு இப்போது வருகிறேன். டாங்கி செய்வது பொறியாளர் வேலை, நமக்கு என்ன?

ருஷ்ய ஏடுகளை மொழிபெயர்க்க ஆண்டுகள் ஆயின என்று பார்த்தோம். அது மொழி படித்தவர் செய்ய வேண்டிய வேலை. எந்த எண்ணிக்கையில் ஆணை கொடுத்தால் தொழில் நிலைக்கும் என்று கணக்கிடுவது பொருளியல் படித்தவர் வேலை. ஒப்பந்தத்தில் என்ன கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்பது வணிகவியல் படித்தவர் வேலை. பாண்டியன் குதிரைகள் ஏன் இறந்தன என்று எடுத்துச் சொல்வது எங்கள் வேலை. அந்த அர்ஜுன் டாங்கிகள் நின்றதற்கு இரும்பு மட்டுமே காரணமில்லை. கணக்கும் கடிதமும் கையெழுத்தும் சரியான நேரத்தில் நடக்காததும் காரணம். அந்த மேசைகளில் நாளை உட்காரப்போவது யார்? போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிற நம்மில் சிலர்.

இன்னொன்றும் உண்டு. நம் பக்கத்தில் ஒரு பழக்கம்: பிளஸ் டூவில் மார்க் குறைந்தவன் ஐ.டி.ஐ. போவான் என்று பேசுவோம். பட்டம் பெற்றவன் பட்டறையில் நின்றால் அவன் வீட்டாரே வருந்துவார்கள். எண்ணெய்க் கறை படிந்த கையை நாம் மதிப்பதில்லை. நம் மாவட்டத்து நெய்வேலியில் 1960-களின் தொடக்கம் முதல் நிலக்கரி எடுக்கிறார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத வெட்டும் இயந்திரங்கள் அத்தனை ஆண்டுகள் ஓடியது அவற்றை வாங்கிய கையெழுத்தால் மட்டுமா? அதன் பற்களை மாற்றி, பேரிங்கை மாற்றி, இரவு ஷிப்டில் நனைந்துகொண்டே பெல்ட்டைத் தைத்த நம் மாவட்டத்துக் கைகளால் அல்லவா?

ஆகவே நம் கல்லூரிக்கு ஒரு யோசனை சொல்லுகிறேன். ஆண்டுக்கு ஒரு நாள், நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போதாவது, இந்த ஊர்ப் பட்டறைக்காரர்களையும் ஃபிட்டர்களையும் கல்லூரிக்கு அழைப்போம். மாவட்டத் தொழில் மையத்திலிருந்து ஓர் அலுவலரையும் அழைப்போம். ஆங்கிலத்தில் உள்ள பட்டியலை நாம் தமிழில் படித்துச் சொல்வோம். அவர்கள் இதைச் செய்யலாம், இதைச் செய்ய முடியாது என்று சொல்லட்டும். டாங்கிப் பாகம் திட்டக்குடியில் உருவாகும் என்று கனவு காணச் சொல்லவில்லை. எங்கள் வயலில் நின்ற வண்டியின் புஷ்ஷாவது மூன்று நாள் முன்னதாகக் கிடைக்கட்டும். அங்கிருந்து தொடங்கலாம்.

போரை விரும்பி நான் இதை எழுதவில்லை. டாங்கி ஓடாமலே இருக்கும் உலகம் வந்தால் முதலில் மகிழ்வது பெண்கள்தான். ஆனால் அதுவரை, ஓட வேண்டிய அன்று ஓடாமல் நிற்கிற டாங்கிக்குள் உட்கார்ந்திருப்பவன் யாரோ ஒரு தாயின் மகன். நம் ஊரிலிருந்தும் படைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் டாங்கியில் ஏறும்போது, அதன் சின்னஞ்சிறு பாகம் ஒன்று தேய்ந்தால் மாற்று எங்கே இருக்கிறது என்று யாராவது முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் அறுவடை முடிந்ததும் அந்தப் பழைய புஷ்ஷை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது என் மேசையில் காகிதம் பறக்காமல் வைக்க உதவுகிறது. இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அதன்மேல் அதைத்தான் வைத்திருக்கிறேன்.